வட்டில் இடம் எவ்வளவு?

ஆய்வு மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைச் சேமிக்க முயன்றபோது, வன்தட்டில் இடமில்லை என்று மறுத்தது நம் துறைக் கணிப்பொறி. பதற்றத்தில் பழைய கோப்புகள் சிலவற்றை அழித்தோம். அவற்றுள் ஒன்று, வேறு படியே இல்லாத ஒரு முதியவரின் நேர்காணல் ஒலிப்பதிவு. அளவாமல் அழித்தது நம் பிழை. அளக்கும் முறையோ மிக எளியது.

நம் கணிப்பொறி லினக்ஸ் இயங்குதளம் கொண்டது. அதன் கட்டளைவரியில் சிற்றெழுத்தில் 'டிஎஃப்' என்று தட்டினால், ஒவ்வொரு வட்டுப் பகுதியிலும் நிரம்பியது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று காட்டும். 'டியூ' என்பது கோப்புறைவாரியாகக் கணக்கிடும். இவ்விரண்டும் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்சின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இருந்தவை. கட்டளையை அடுத்து இடைக்கோடும் 'ஹெச்' எழுத்தும் சேர்த்தால், எண்கள் மெகாபைட், ஜிகாபைட் எனப் படிக்கத்தக்க அளவில் வரும்.

'டியூ -எஸ்ஹெச்' என்பதன்பின் ஓர் இடம்விட்டு விண்மீன் குறியிட்டால், ஒவ்வொரு கோப்புறையின் மொத்தமும் ஒரு வரியில் கிடைக்கும். ஆயின் புள்ளியில் தொடங்கும் மறைபெயர்களை விண்மீன் தொடாது என்பதை மறத்தலாகாது. நம் வட்டை விழுங்கியிருந்ததும் அத்தகையதொரு மறைகோப்புறையே. இணைய உலாவி சேர்த்துவைத்த தற்காலிகக் குப்பை அது!

தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 'அம்மா' என்பது இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க்குறி ஒன்றுக்கு 3 பைட். ஆகவே 15 பைட். இச்சொல்லை மட்டும் ஒரு கோப்பில் வைத்து 'டியூ' கொண்டு அளந்தால் 4 கிலோபைட் என்கிறது. வட்டில் இடம் பொதுவாக 4096 பைட் கொண்ட கட்டங்களாகவே வழங்கப்படுவதால், ஒரு சொல்லுக்கும் ஒரு முழுக் கட்டம் வேண்டும். சிறுகோப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் இடம் கரைவது இதனாலேயே.

சிலவேளை இரு கட்டளைகளின் கணக்கும் முரண்படும். ஒரு நிரல் திறந்துவைத்திருக்கும் கோப்பை அழித்தால், பெயர் நீங்கும், இடம் நீங்காது. 'டியூ' அதனைக் காணாது, 'டிஎஃப்' நிரம்பியதாகவே காட்டும். அப்போது மேலும் கோப்புகளை அழிக்க முற்படாமல், அந்த நிரலை முறையாக மூடுக. இடம் தானே மீளும்.