நடையால் தழைத்த கடைத்தெரு

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடைத்தெரு என்பது பொருள்களை விற்கவும் வாங்கவும் மட்டுமே அமைந்த இடமன்று. ஊரார் ஒருவரையொருவர் கண்டு, நலம் கேட்டு, செய்தி பகிரும் பொதுவிடமும் அதுவே. ஊர்திகள் பெருகியதாலும் நகர்ப்புறத்தே பெருவணிக வளாகங்கள் எழுந்ததாலும் உலகின் பல சிறுநகரங்களில் பழைய கடைத்தெருக்கள் பொலிவிழந்தன. அவற்றை மீட்க எடுத்த முயற்சிகளுள் சில தோற்றன; சில வென்றன. அவ்வெற்றி தோல்விகளின் காரணங்களை இப்பாடம் ஆராய்கிறது.

அங்காடியும் ஊரும்

பண்டைத் தமிழ் நகரங்களில் கடைத்தெருவிற்குச் சிறப்பான இடம் இருந்தது. பகலில் கூடும் அங்காடி நாளங்காடி எனவும் மாலையிலும் இரவிலும் கூடும் அங்காடி அல்லங்காடி எனவும் வழங்கப்பட்டன. மதுரையின் இவ்விரு அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி விரிவாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரைக்குள் புகும் கோவலன் மணிகள் விற்கும் தெரு, பொன்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி ஆகியவற்றைக் கண்டு செல்கிறான். அறுவை என்பது துணி. கூலம் என்பது தானியம். புதியதோர் ஊரை அறிய விரும்பியவன் அதன் கடைத்தெருக்களில் நடந்தான் என்பது எண்ணத்தக்கது. ஊரின் உழைப்பும் செல்வமும் பழக்கவழக்கமும் ஒருசேர வெளிப்படும் இடம் அதுவேயன்றோ!

கடைத்தெரு வாடும் விதம்

கடைத்தெருவில் ஒரு கடையின் வாழ்வு மற்றொரு கடையின் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது. துணி எடுக்க வருபவர் அருகிலுள்ள தையற்கடையை நாடுகிறார். அளவு கொடுத்துவிட்டுத் தேநீர்க்கடையில் சற்று அமர்கிறார். வீடு திரும்பும் வழியில் பூவும் பழமும் வாங்குகிறார். துணிக்கடைக்கென வந்தவர் இவ்வாறு நான்கு கடைகளுக்கு வாடிக்கையாளர் ஆகிறார். அத்துணிக்கடை மூடப்படும்போது மற்ற மூன்று கடைகளின் வருவாயும் குறைகிறது. அடுத்தடுத்துக் கடைகள் அடைபடத் தெருவில் ஆள் நடமாட்டம் அருகுகிறது. மாலையில் விளக்குகள் குறைய, மாடிகளில் குடியிருந்தோரும் வேறிடம் பெயர்கின்றனர். வாங்குவோர் இல்லாமையால் கடைகள் இல்லை. கடைகள் இல்லாமையால் வாங்குவோர் இல்லை என்னும் நிலை அப்போது உருவாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சிறுநகரங்கள் பல இந்நிலைக்கு ஆளாயின. மகிழுந்து வைத்திருந்தோர் புறநகர்களில் குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து வணிகமும் அங்கே சென்றது. முற்றிலும் கூரையால் மூடப்பட்டு, உள்ளே வெப்பநிலை சீராக்கப்பட்ட முதல் பெருவணிக வளாகமான சவுத்டேல், மினியாபொலிஸ் நகருக்கு அருகில் 1956ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன். இத்தகைய வளாகங்கள் பரந்த ஊர்தி நிறுத்துமிடங்களுடன் நாடெங்கும் எழுந்தன. நெருக்கமான பழைய கடைத்தெருக்கள் அவற்றோடு போட்டியிட இயலாமல் தளர்ந்தன.

பாதி மருந்து

தளர்ந்த கடைத்தெருவை மீட்கும் வழியைக் கூறுமாறு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்னும் சிறுநகரம் அதே குரூயனை நாடியது. நகரைச் சுற்றி வட்டச்சாலை, அதன் ஓரங்களில் ஊர்தி நிறுத்துமிடங்கள், நடுவே நடப்போருக்கு மட்டுமான தெருக்கள் என விரிவான திட்டமொன்றை அவர் வகுத்தார். ஆனால் தெருவை ஊர்திகளுக்கு மூடும் பகுதி மட்டுமே நிறைவேற்றப்பட்டது. 1959ஆம் ஆண்டு பர்டிக் தெருவின் ஒரு பகுதி நடப்போர் தெருவாகத் திறக்கப்பட்டது. மக்கள் ஆர்வத்துடன் வந்தனர். ஏறத்தாழ 200 அமெரிக்க நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. புறநகர் வளாகங்கள் தொடர்ந்து பெருகின. நகர நடுவில் குடியிருப்போர் குறைந்தனர். ஊர்திகளை விலக்கிய தெருவில் நடப்பதற்கு மக்கள் இல்லை. பல நகரங்கள் அத்தெருக்களை மீண்டும் ஊர்திகளுக்குத் திறந்துவிட்டன. கலமசூவிலும் 1998ஆம் ஆண்டு அத்தெருவின் ஒரு பகுதியில் ஊர்திகள் திரும்பவும் ஓடத் தொடங்கின.

இத்தோல்வியிலிருந்து வேறொரு சிந்தனை பிறந்தது. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1977ஆம் ஆண்டு கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் மூன்று சிற்றூர்களில் ‘முதன்மைத் தெரு’த் திட்டத்தைத் தொடங்கியது. பழைய கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்தல், உள்ளூர் வணிகத்தை வலுப்படுத்துதல், விழாக்களாலும் விளம்பரத்தாலும் மக்களை ஈர்த்தல், வணிகரையும் குடியிருப்போரையும் ஓர் அமைப்பில் இணைத்தல் என்னும் நான்கும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பது அதன் கொள்கை. கல்லும் சுண்ணாம்பும் மட்டும் தெருவை மீட்பதில்லை. அங்கு வாழும் மனிதரின் கூட்டுறவும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

பழைய பாலத்து நகரம்

அந்த உண்மையை நகரம் முழுவதற்கும் பொருத்திக் காட்டியது ஸ்பெயின் நாட்டின் வடமேற்கே, கலீசியாப் பகுதியில் அமைந்த பொந்தேவெத்ரா. லெரெஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. ‘பழைய பாலம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து அதன் பெயர் பிறந்தது. விறகுச் சதுக்கம், காய்கறிச் சதுக்கம், இரும்புப் பட்டறைச் சதுக்கம் எனப் பொருள்படும் பெயர்களை அதன் பழைய சதுக்கங்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. கூல வீதியும் அறுவை வீதியும் போல, விற்ற பொருளும் செய்த தொழிலும் அங்கும் இடப்பெயர்களாயின.

இத்தகைய தொன்மையுடைய நகரம் 1990களில் சீர்கெட்டிருந்தது. குறுகிய கற்றெருக்களில் ஊர்திகள் நெருங்கி நின்றன. புகையும் இரைச்சலும் சூழ்ந்தன, விபத்துகள் மலிந்தன. போதைப்பொருள் புழங்கும் இடமாகவும் பழைய நகர்ப்பகுதி மாறியிருந்தது. முதியோரும் குழந்தைகளும் தெருவில் இறங்க அஞ்சினர்.

1999ஆம் ஆண்டு மிகேல் அன்ஷோ பெர்னாண்டஸ் லோரெஸ் என்னும் மருத்துவர் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊர்தி ஒன்றை உடைமையாகக் கொண்டிருப்பது, பொதுவிடத்தை அடைத்துக்கொள்ளும் உரிமையைத் தராது என்பது அவர்தம் கருத்து. பதவியேற்ற சில வாரங்களிலேயே, 3,00,000 சதுரமீட்டர் பரப்புள்ள பழைய நகர்ப்பகுதியை நடப்போருக்கு உரியதாக்கும் பணி தொடங்கியது. தெருக்களில் கருங்கற் பலகைகள் பதிக்கப்பட்டன. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலிருந்த உயர வேறுபாடு நீக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் செல்பவரும் குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்பவரும் தடையின்றிச் செல்ல இதனால் வழி பிறந்தது.

வணிகரின் அச்சம்

இம்மாற்றத்தை அனைவரும் உடனே வரவேற்றுவிடவில்லை. வாசலில் ஊர்தி நிறுத்த இடமில்லையேல் வாடிக்கையாளர் எவ்வாறு வருவர் எனக் கடைக்காரர் பலர் அஞ்சினர். அன்றாட வருவாயை நம்பி வாழும் சிறுவணிகருக்கு அவ்வச்சம் இயல்பே. ஒரு மாத வாடகை தவறினாலும் ஆண்டுக்கணக்கில் நடத்திய கடையை அவர் இழக்க நேரிடும்.

எனினும் வாசலில் நிற்கும் ஊர்திகள் யாருடையவை என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். நகர நடுவில் ஓடிய ஊர்திகளுள் பல, அந்நகரைக் கடந்து வேறிடம் செல்பவை. வேறு பல, நிறுத்த இடம் தேடிச் சுற்றிச்சுற்றி வருபவை. அவற்றால் தெருவிற்கு நெருக்கடி உண்டு. கடைக்கு வருவாய் இல்லை. காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் நிற்கும் ஊர்தி, ஒருவரை மட்டுமே அத்தெருவிற்குக் கொண்டு வருகிறது. அதே இடத்தின் வழியாக நடந்து செல்பவரோ நூற்றுக்கணக்கானோர். விரைந்து செல்லும் ஊர்தியிலிருந்து கடையின் பெயர்ப்பலகையைப் படிப்பதே அரிது. நடப்பவரோ நிற்கிறார், பார்க்கிறார், விலை கேட்கிறார்.

பொந்தேவெத்ரா ஊர்திகளை முற்றிலும் விலக்கவும் இல்லை. கடைகளுக்குச் சரக்கு ஏற்றி வருவன, குடியிருப்போருக்கு உரியன, நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவுவன ஆகியவை வேண்டிய அளவிற்கு அனுமதிக்கப்பட்டன. வெளியிலிருந்து வருவோர் தம் ஊர்திகளை நகர விளிம்பில் கட்டணமின்றி நிறுத்திவிட்டு நடந்து வர 1,600க்கும் மேற்பட்ட இடங்கள் ஒதுக்கப்பட்டன. மற்றத் தெருக்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. பெருவணிக வளாகங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இம்முடிவே சிறுகடைகள் நிலைத்து நிற்கப் பெருந்துணை புரிந்தது. கலமசூவில் செய்யாமல் விடப்பட்டவை இங்குச் செய்யப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

பொந்தேவெத்ரா நகராட்சி 2011ஆம் ஆண்டு ‘மெட்ரோமினூட்டோ’ என்னும் வரைபடத்தை வெளியிட்டது. தோற்றத்தில் அது சுரங்க இரயில் வரைபடத்தை ஒத்திருக்கும். ஆனால் அந்நகரில் சுரங்க இரயிலே இல்லை. வண்ணக் கோடுகள் நடைவழிகளைக் குறிக்கின்றன. அவற்றின்மேல் உள்ள எண்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நடக்க ஆகும் நிமிடங்களைக் குறிக்கின்றன. தொலைவு என எண்ணியிருந்த இடங்கள் பல அண்மையில்தான் உள்ளன என்பதை மக்கள் அதன்வழி அறிந்தனர். பிற ஐரோப்பிய நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின.

மீண்ட உயிர்ப்பு

காலப்போக்கில் மாற்றத்தின் பயன் வெளிப்பட்டது. 1996 முதல் 2006 வரை அந்நகரத் தெருக்களில் 30 பேர் விபத்துகளில் உயிரிழந்திருந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வெண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. கரியமிலவாயு வெளியீடு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. முன்னர் ஊர்தியில் சென்றுவந்த பயணங்களுள் பெரும்பகுதி நடையாகவும் மிதிவண்டிப் பயணமாகவும் மாறியது. சிறுவர் துணையின்றிப் பள்ளிக்கு நடந்து செல்கின்றனர். நகரின் மையப்பகுதியில் ஏறத்தாழ 12,000 பேர் புதிதாகக் குடியேறினர். 2014ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் வாழிட அமைப்போடு இணைந்து வழங்கப்படும் துபாய்ப் பன்னாட்டு விருது இந்நகருக்குக் கிடைத்தது.

இவற்றுள் கடைத்தெருவிற்கு மிகுதியும் பயன்பட்டது எது என்னும் வினாவிற்கு, மையத்தில் குடியேறிய மக்களே என்பது பொருத்தமான விடையாகும். சுற்றுலாப் பயணி விடுமுறையில் வருவார். நினைவுப்பொருள் வாங்கிச் செல்வார். ஊரில் வாழ்பவரோ நாள்தோறும் ரொட்டியும் காய்கறியும் வாங்குகிறார். செருப்பைத் தைக்கக் கொடுக்கிறார். மழைக்காலத்திலும் கடைக்கு வருகிறார். ஆண்டு முழுவதும் கடையைத் தாங்குபவர் அவரே.

குறைகளும் இல்லாமல் இல்லை. நகர விளிம்பில் ஊர்தி நெரிசல் கூடியதாகவும் நிறுத்துமிடங்கள் போதவில்லை எனவும் குறைகூறுவோர் உண்டு. ஆயினும் லோரெஸ் அடுத்தடுத்த தேர்தல்களிலும் மேயரானார். அஞ்சிய நகரமே அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அது சான்று.

நம் ஊர்க் கடைத்தெரு

தமிழகச் சிறுநகரங்களின் நிலை வேறானது. இங்குக் கடைத்தெருவிற்கு மக்கள் வாராமையன்று குறை. வந்தவர் நடக்க இடமின்மையே குறை. சந்தை நாளிலும் திருவிழாக் காலத்திலும் பெரிய கடைவீதிகளில் மக்கள் தோளோடு தோள் உரசிச் செல்கின்றனர். அவர்களுக்கு இடையே இருசக்கர வண்டிகள் நுழைகின்றன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் ஊர்திகள் தடுக்கப்பட்டபின், மக்கள் அச்சமின்றி உலவும் காட்சி இதற்கோர் உள்ளூர் எடுத்துக்காட்டு.

நடைபாதையைச் சீரமைக்கும்போது தெருவோர வணிகரையும் மறத்தலாகாது. தள்ளுவண்டியில் பழம் விற்பவரும் தரையில் கீரை பரப்பி அமர்பவரும் அத்தெருவின் வணிகரே. அவர்களின் வாழ்வுரிமையைக் காக்க 2014ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் 40 விழுக்காட்டிற்குக் குறையாத உறுப்பினர் தெருவோர வணிகராக இருத்தல் வேண்டும் என்கிறது. தெருவை அழகாக்கும் திட்டம் அத்தெருவை நம்பி வாழ்வோரை வெளியேற்றுமாயின், அது மீட்பாகாது.

கடைத்தெருவின் முதலீடு கடைக்காரரின் பணப்பெட்டியில் மட்டும் இல்லை. அத்தெருவில் நடப்பவரின் காலடியிலும் உள்ளது. முதியவர் ஒருவர் தடுமாறாமல் நடக்கவும், சிறுமி ஒருத்தி தனியே சென்று பொருள் வாங்கித் திரும்பவும் ஏற்ற தெருவே வணிகத்திற்கும் ஏற்ற தெரு. அத்தகைய தெருவை ஆக்குவதும் காப்பதும் அரசு, வணிகர், மக்கள் ஆகிய முத்தரப்பினரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் மாலை நேரத்தில் அரைமணி நேரம் நின்று, நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், ஊர்திகளில் செல்வோர் ஆகியோரின் எண்ணிக்கையைத் தனித்தனியே குறித்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பள்ளியிலிருந்து பேருந்து நிலையம், நூலகம், சந்தை ஆகியவற்றிற்கு நடக்க ஆகும் நிமிடங்களைக் கணக்கிட்டு நடைவழி வரைபடம் ஒன்றை உருவாக்குக.
3. நீண்டகாலமாகக் கடை நடத்தும் வணிகர் ஒருவரைக் கண்டு, அத்தெருவில் ஏற்பட்ட மாற்றங்களைக் கேட்டு எழுதுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. நாளங்காடி, அல்லங்காடி – வேறுபடுத்துக.
2. ‘மெட்ரோமினூட்டோ’ என்பது யாது?

சிறுவினா
1. ஒரு கடை மூடப்படுவது மற்றக் கடைகளை எவ்வாறு பாதிக்கிறது?
2. பொந்தேவெத்ரா வணிகரின் அச்சத்தையும் அதற்கான விளக்கத்தையும் எழுதுக.

நெடுவினா
1. கலமசூவின் முயற்சி நிலைக்காமையையும் பொந்தேவெத்ராவின் முயற்சி நிலைத்தமையையும் ஒப்பிட்டு, உங்கள் ஊர்க் கடைத்தெருவிற்கு ஏற்ற திட்டம் ஒன்றைக் கட்டுரையாக வரைக.