காந்தம் களிமண்ணைத் திறக்குமா?

கேள்வி: குழாயில் காந்தம் மாட்டினால் தண்ணீர் மண்ணில் சீக்கிரம் இறங்கும் என்கிறார் வியாபாரி. எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு வாங்கலாமா? – வாசகர், கோலா சிலாங்கூர்

பதில்: அவசரப்படாதீர்கள். 1945-இல் பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்ற இந்தக் காந்த வித்தை, குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்க வந்தது. அதிலேயே சண்டை இன்னும் ஓயவில்லை. மண்ணில் நீர் இறங்குவது பற்றிய ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

கோலா சிலாங்கூர் என்பதால், உங்களுடையது பெரும்பாலும் கடலோரக் களிமண்ணாக இருக்கும். நனைந்தால் உப்பிக்கொண்டு துளைகளை அடைக்கும். சோடியம் மிகுந்தால் இன்னும் மோசம். காந்தம் அந்தச் சோடியத்தை வெளியேற்றாது. மண்ணைப் பரிசோதித்து, சோடியம்தான் காரணமென்றால் ஜிப்சம் போடலாம். பழம் பிரித்த வெறுங்குலைகளை மரவரிசைக்கிடையே பரப்புங்கள். மண்புழு பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குகிறதே என்று வடிகாலை மட்டும் கண்டபடி ஆழமாக்காதீர்கள். அடியில் பைரைட் என்ற கந்தகக் கனிமம் இருந்தால் காற்றுப்பட்டு அமிலமாகிவிடும்.

வியாபாரி விடவில்லையா? அடி வெட்டிய மைலோ டின்களை இரண்டு அங்குலம் மண்ணில் இறக்குங்கள். பாதி டின்களில் சாதாரணத் தண்ணீர், மீதியில் காந்தத் தண்ணீர், ஒரே அளவு. எது எதுவென்று தெரியாத ஒருவர், தண்ணீர் இறங்கும் நேரத்தைப் பார்க்கட்டும். நாலைந்து இடத்திலாவது செய்யுங்கள். மண்ணில் ஒரு வெடிப்பு குறுக்கிட்டாலே கணக்கு மாறிவிடும். அதுவரை முன்பணம் வேண்டாம்.