சொல்லித் தருவதா, வேலையை முடிப்பதா?

சாப்ட்வேர் டீம்களில் ஓயாத இழுபறி இது. புதியவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அனுபவசாலியின் வேலை நின்றுவிடுகிறது. சொல்லிக் கொடுக்காவிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் மொத்த டீமும் நின்றுவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 புராஜெக்டை நடத்தியவர் பிரெட் புரூக்ஸ். 1975-ல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கினார். டீமில் 5 பேர் இருந்தால், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு 10 ஜோடிகள். 10 பேர் என்றால் 45 ஜோடிகள்! ஆள் இரண்டு மடங்கானால் பேச்சு நாலரை மடங்கு. தாமதமாகிவிட்ட புராஜெக்டில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று அவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, புதியவரைப் பழக்க வேண்டியவரே ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருப்பவர்தான்.

இதற்கு ஒரு வழியை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் (2019 வரை இது திருநெல்வேலி மாவட்டம்) ஜோஹோ நிறுவனம் 2011-ல் அலுவலகம் தொடங்கியது. ஜோஹோ டெஸ்க் என்ற சாப்ட்வேர் இங்கே உருவானதுதான். பிளஸ் 2 முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கும் பள்ளியையும் இந்நிறுவனம் நடத்துகிறது. முதலில் வகுப்பு, பிறகுதான் டீமில் பயிற்சி. புரோகிராமிங் அடிப்படையை ஆசிரியர் சொல்லித் தந்துவிட்டால், டீமில் உள்ளவர் தங்கள் சாப்ட்வேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். என்னைக் கேட்டால், பாதிச் சுமை இங்கேயே இறங்கிவிடுகிறது.

சரி, பாளையங்கோட்டையில் 6 பேர் சேர்ந்து பில்லிங் சாப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களால் பள்ளி நடத்த முடியுமா? முடியாது. ஆனால் 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, வரிப் பகுதி தெரிந்த ஒரே ஆள் சென்னைக்கு வேலை மாறிப் போயிருந்தால்? கடைக்காரர் பில் போட முடியாமல் போன் மேல் போன் செய்திருப்பார்.

இவர்களுக்கு ஏற்றது இதுதான். சந்தேகம் வந்தால் முதல் 30 நிமிடம் தானே முயல வேண்டும். பிறகு, என்ன செய்து பார்த்தேன், என்ன எரர் வந்தது என்பதோடு போய்க் கேட்க வேண்டும். அவசரமில்லாத கேள்விகளை மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கிவிடலாம். காலை நேரம் அனுபவசாலிக்குச் சொந்தம். யாரும் தோளைத் தட்டக் கூடாது.

கிடைத்த பதிலை எழுதி வைப்பது யார்? கேட்டவர்தான்! சொன்னவர் 5 நிமிடம் படித்துத் திருத்தினால் போதும். தெரிந்தவர் எழுதினால் பாதியை "இது எல்லோருக்கும் தெரியும்" என்று விட்டுவிடுவார்.

டீம் லீடர்களுக்கும் ஒரு வார்த்தை. வார ரிப்போர்ட்டில் முடித்த வேலையை மட்டும் எண்ணினால், சொல்லிக் கொடுத்தவர் சோம்பேறியாகத் தெரிவார். சம்பள உயர்வும் அப்படியே போகும். அடுத்த வருடம் அவர் வாயைத் திறப்பாரா? அந்த மணி நேரங்களையும் ரிப்போர்ட்டில் சேருங்கள்.

உங்கள் டீம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, எல்லாம் தெரிந்த அந்த ஒருவருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்துப் பாருங்கள். அந்த வாரம் அவருக்குப் போகிற ஒவ்வொரு போன் கேள்வியையும் குறித்து வையுங்கள். அடுத்து எழுத வேண்டிய டாகுமெண்டுகளின் பட்டியல் அதுவே.