விரலைத் தூக்குமுன்

ஞாயிற்றுக்கிழமை. சூலக்கரையில் டென்னிஸ் பால் மேட்ச். முதலில் அவுட்டாகி வந்தவர்தான் அம்பயர். பந்து பேட்டில் உரசி கீப்பர் கைக்குப் போகிறது. எதிரணி மொத்தமும் கத்துகிறது. சத்தம் அவருக்கும் கேட்டது. ஆனால் சொந்த டீம்காரனுக்கு விரல் எழவில்லை. அந்தத் தயக்கத்தை விட்டவருக்கு அம்பயர் வேலையிலே ஒரு தொழில் இருக்கிறது.

அதிகாரம் எதுவரை?
வெளிச்சம் போதாமல் ஆபத்து என்றால் ஆட்டத்தை நிறுத்தலாம். நடத்தை கெட்டால் 5 ரன் தண்டம் போடலாம். வன்முறையில் இறங்கியவரை 2017 விதிகளின்படி வெளியேற்றலாம். ஆனால் அப்பீல் வராமல் அவுட் கொடுக்க முடியாது. அமெரிக்க பேஸ்பால் அம்பயர் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று கேட்காமலே சொல்வார். வாதாடும் மேனேஜரையே விரட்டுவார். நம் கிரிக்கெட் அம்பயரோ கேட்டால்தான் பதில் சொல்வார். வாய் திறக்கக் கூடாத நேரம் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

எப்படி நுழைவது?
மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் அம்பயர் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். உள்ளூர் ஆட்டங்களில் நின்று பழகி, மாநிலச் சங்கம் வழியாக பிசிசிஐ தேர்வுக்குப் போகலாம். அது லேசில்லை: 2022இல் அகமதாபாத்தில் எழுதிய 140 பேரில் தேறியவர்கள் 3 பேர். அதில் ஒரு கேள்வி: பிட்ச்சில் நிழல் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் செய்தால்? மரம், கட்டட நிழலைக் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டர் நிழல் என்றால் அவரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். விதி மனப்பாடமானால் போதாது, களத்தில் கைக்கு வர வேண்டும்.

சம்பளம்?
2022 நிலவரப்படி, முதல்தர ஆட்டத்துக்கு மேல்நிலை அம்பயர்களுக்கு நாளுக்கு 40,000 ரூபாய். அடுத்த நிலைகளில் 30,000. அந்த உயரத்துக்குப் பல வருடம் ஆகும். அதுவரை கைவசமுள்ள வேலையை விடாதீர்கள்.

முன்னோடி
சென்னைக்காரர் வெங்கட்ராகவன் ஆடியது 57 டெஸ்ட்; அம்பயராக நின்றது 73. 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய கேப்டனாக இருந்தவர், பிறகு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

இந்த வாரமே தொடங்க
ஓவரின் பந்துகளை எண்ண, சட்டைப் பையில் 6 கூழாங்கல் போடுங்கள். பந்துக்கு ஒன்றாக அடுத்த பைக்கு மாற்றுங்கள். தீர்ப்பு தப்பென்று பட்டால் உடனே மாற்றுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது, தாமதத்துக்குத்தான் தருவதில்லை. அடுத்த ஞாயிறு உரசல் சத்தம் கேட்டால், பேட் பிடித்திருப்பது மச்சானே ஆனாலும் விரலைத் தூக்குங்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.