திரும்பி வரும் டி.வி.டி.க்கள்: காரணமும் பரிகாரமும்



ஸ்டுடியோ, கம்ப்யூட்டர் சென்டர், கேசட் கடை நடத்தி வரும் நமது உறுப்பினர்கள் பலருக்கு இன்றும் கைகொடுக்கும் தொழில், பழைய வீடியோ கேசட்டுகளை டி.வி.டி.யாக மாற்றித் தருவதுதான். வி.எச்.எஸ். டெக் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய், 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே வீட்டில் கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை என்ற நிலையில் மக்கள் நம் கடையைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் திருமண கேசட். அதில் இருப்பவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு கேசட்டைத் தவிர அவர்களின் குரலைக் கேட்க வேறு வழியும் இல்லாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட பொருளை வாங்கி, வேலை முடித்துக் கொடுத்த பின், "டிஸ்க் ஓடவில்லை" என்று அது திரும்பி வந்தால் நஷ்டம் ஒரு டிஸ்க்கின் விலையோடு முடிவதில்லை. கடையின் நாணயமும் சேர்ந்து போகிறது.

எனவே, டிஸ்க்குகள் எந்தெந்தக் காரணங்களால் திரும்பி வருகின்றன, அவற்றை எப்படிக் கண்டறிவது, எப்படித் தவிர்ப்பது என்பதை இப்பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

1. குறை எங்கே என்று முதலில் பிரித்தறிதல்

எடை குறைந்தால் குறை தராசிலா, எடைக்கல்லிலா என்று நாம் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். திரும்பி வந்த டிஸ்க்கை வேறு இரண்டு பிளேயர்களில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, நன்றாக ஓடும் வேறொரு டிஸ்க்கை வாடிக்கையாளரின் பிளேயரில் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லா பிளேயரிலும் ஒரே இடத்தில் நின்றால் குறை டிஸ்க்கில். ஒரு பிளேயரில் மட்டும் நின்றால், அந்த பிளேயரின் லென்ஸ் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது அந்த வகை டிஸ்க்கை அது ஏற்காமல் இருக்கலாம். படம் நன்றாக ஓடி, ஒலி மட்டும் பொருந்தாமலோ அசைவுகள் நடுங்கியோ தெரிந்தால் குறை ரைட் செய்ததில் இல்லை. அதற்கு முன் நடந்த என்கோடிங்கில் இருக்கிறது. இதைப் பிரித்தறியாமல் மீண்டும் மீண்டும் டிஸ்க் போட்டுக்கொண்டிருந்தால் பிளாங்க் டிஸ்க்தான் வீணாகும்.

2. "டிஸ்க்கில் இடம் இல்லை"

உறையில் 4.7 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டுகிறது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்; கம்ப்யூட்டர் 1,024 வீதம் கணக்கிடுகிறது. எனவே திரையில் 4.5 என்று காட்டும் படத்தை இந்த டிஸ்க்கில் ஏற்ற முடியாது.

எவ்வளவு நேரப் படத்துக்கு எவ்வளவு தரம் கொடுக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு டி.வி.டி.யின் கொள்ளளவு சுமார் 37,600 மெகாபிட். மெனு முதலியவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 36,000 என்று வைத்துக்கொள்வோம். இதைப் படத்தின் மொத்த விநாடிகளால் வகுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 விநாடி, விடை 5. அதாவது விநாடிக்கு 5 மெகாபிட். அதில் ஒலிக்கு 0.25 போக, படத்துக்கு 4.75 கிடைக்கும். இது நல்ல தரம். மூன்று மணி நேரம் என்றால் படத்துக்குச் சுமார் 3.1தான் மிஞ்சும், கூட்டமும் பூமழையும் வரும் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். நான்கு மணி நேரம் என்றால் 2.25தான். அந்த நிலையில் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பதே முறை. "எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் அடக்கித் தாருங்கள்" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

மறுபுறம், ஒரு மணி நேரப் படம்தானே என்று 10 மெகாபிட் வைக்கவும் கூடாது. டி.வி.டி. விதிப்படி படத்துக்கு உச்ச வரம்பு 9.8 மெகாபிட். நாம் ரைட் செய்யும் டிஸ்க்கில் 8-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மேலே போனால் சாதாரண பிளேயர்கள் திணறி நிற்கும். மென்பொருளில் இரண்டு முறை ஓடிக் கணக்கிடும் 'டூ பாஸ்' வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் அதிகமாகும்; ஆனால் அசைவு மிகுந்த காட்சிக்கு அதிகமும், அசையாத காட்சிக்குக் குறைவும் பிரித்துக் கொடுத்து, அதே இடத்தில் நல்ல படம் தரும்.

3. கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எம்.பி.4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிவிடுவது. அது டேட்டா டிஸ்க், டி.வி.டி. படம் அல்ல. டி.வி.டி. பிளேயருக்கு எம்பெக்-2 முறையில் மாற்றி, வீடியோ டி.எஸ். என்ற ஃபோல்டராக அமைத்து எழுத வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது எம்.பி.4 ஆக்கித் தருமே தவிர டி.வி.டி. அமைப்பைச் செய்யாது. அதற்கு டி.வி.டி. ஸ்டைலர் போன்றவை வேண்டும்.

இரண்டாவது, டிஸ்க்கை 'பைனலைஸ்' செய்யாமல் விடுவது. ரைட் செய்த ரைட்டர் அதைப் படிக்கும். மற்ற பிளேயர்கள் படிக்காது.

மூன்றாவது, முறை வேறுபாடு. நம் நாட்டுக்கு உரியது பால் முறை: 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, கனடாவில் என்.டி.எஸ்.சி. முறை: 720க்கு 480, விநாடிக்கு 29.97. நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். அங்குள்ளவற்றில் பல பால் டிஸ்க்கை ஏற்பதில்லை. ஆகவே "மகனுக்கு அமெரிக்கா அனுப்ப வேண்டும்" என்று சொன்னால் அதை ஆர்டர் சீட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்குடன் பென்டிரைவும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

4. உதடு ஒன்று, குரல் ஒன்று

ஒலி பொருந்தவில்லை என்றால் தொடக்கத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால், ஒலியை அந்த அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். போகப் போக விலகல் கூடுகிறது என்றால் காரணம் வேறு. விநாடிக்கு 30 படம் என்பதை 29.97 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகிவிடும். செல்போனில் எடுத்த படங்களில் இந்த எண்ணிக்கை நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை முதலில் நிலையான 25-க்கு மாற்றிய பிறகே வெட்டி ஒட்ட வேண்டும். ஒலியை 48 கிலோஹெர்ட்சில் வைக்க வேண்டும், சி.டி.க்குரிய 44.1 டி.வி.டி.க்குப் பொருந்தாது.

பழைய கேசட்டில் இன்னொன்றும் நேரும். நாடா தளர்ந்த இடங்களில் சிக்னல் அறுந்து, கேப்சர் கார்டு சில படங்களைத் தவறவிடும். ஒலி மட்டும் தொடர்ந்து ஓடும். டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் இருந்தால் இது பெருமளவு குறையும். இல்லாவிட்டால் பழுதான பகுதியைச் சிறு சிறு துண்டுகளாகப் பதிவு செய்து சேர்க்கலாம்.

5. படம் நடுங்குவது, முகம் அகலமாவது

கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் படம் நடுங்கினால் அது 'ஃபீல்டு' வரிசைப் பிழை. ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாகப் பதிவாகிறது. மினி டி.வி. கேமராவில் கீழ்ப்பாதி முதலில் வரும். மென்பொருளில் மேல்பாதி முதல் என்று தவறாகக் குறித்துவிட்டால், காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். குறிப்பை மாற்றி மீண்டும் என்கோடு செய்தால் சரியாகிவிடும். ஆள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிந்தால் 4:3 படத்தை 16:9 என்று குறித்திருக்கிறோம் என்று பொருள். மணமக்கள் பெயர், தேதி போன்ற எழுத்துகளைப் படத்தின் ஓரத்தை ஒட்டி வைக்கக் கூடாது, பல டி.வி.க்கள் ஓரத்தை வெட்டிவிடும்.

6. ரைட் செய்யும்போது வரும் பிழைகள்

16 வேகம் என்று அச்சிட்ட டிஸ்க்கை 16-இலேயே எழுத வேண்டும் என்ற அவசியம் இல்லை. 8 வேகம் போதும். அதற்காக மிகக் குறைந்த வேகத்தில் எழுதினால் இன்னும் நன்றாக வரும் என்பதும் சரியல்ல. தொடக்கத்திலேயே 'பவர் கேலிப்ரேஷன்' பிழை வந்தால், வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் தோற்றால் ரைட்டரின் ஆயுள் முடியப் போகிறது. எழுதி முடித்ததும் 'வெரிஃபை' செய்வதை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. அதன் பிறகு சாதாரண டி.வி.டி. பிளேயர் ஒன்றில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், பிழைகள் பெரும்பாலும் ஓரத்தில், அதாவது படத்தின் முடிவில்தான் தெரியும். பழைய பிளேயர்களுக்கு பிளஸ் ஆர் வகையைவிட மைனஸ் ஆர் வகை நன்கு ஒத்துவரும்.

7. மொத்த வியாபாரிகளின் கவனத்திற்கு

பிளாங்க் டிஸ்க் சந்தை சுருங்கி வருகிறது. நம் நாட்டில் பெரிய அளவில் தயாரித்து வந்த மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. ரெக்கார்டபிள் புளூ-ரே டிஸ்க், மினி டி.வி. கேசட் ஆகியவற்றின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. சரக்கு குறையும்போது மட்டமான சரக்கு நுழைவது நாம் அறிந்ததே. மேலட்டையில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றிரண்டை எழுதி வெரிஃபை செய்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்புக் குறியீடு பதிந்திருக்கும். இம்க்பர்ன் போன்ற மென்பொருள் அதைக் காட்டும். ஒரே பெயரில் வந்த இரண்டு லாட்டுகளில் குறியீடு மாறியிருந்தால் விசாரிக்க வேண்டும். இந்த டிஸ்க்குகளில் இருப்பது ஒளியால் மாறும் சாயம். ஆகவே வெயில் படும் ஷோகேசில் அடுக்கி வைக்கக் கூடாது.

8. கேசட்டைக் கையாளுதல்

நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. நாடாவும் கெடும், ஹெட்டில் ஒட்டி அடுத்தவர் கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஹெட்டைத் துடைக்கும்போது ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை, டிரம் சுழலும் திசையிலேயே நகர்த்த வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

9. சட்டம்

சொந்தக் குடும்பப் பதிவுகளை மாற்றித் தருவது வேறு. திரைப்படத்தை நகல் எடுத்து விற்பது வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, திருட்டு நகலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோ தொழில் செய்வோரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டு வந்திருக்கிறார்கள். "ஒரே ஒரு காப்பி" என்று பழக்கத்துக்காகக் கேட்பவரிடமும் மறுத்துவிடுவதே நமக்கும் அவருக்கும் நல்லது.

கடைப்பிடிக்க வேண்டியவை

ஆர்டர் சீட்டில் கேசட்டின் நிலை, நேரம், எந்த நாட்டுக்கு, எத்தனை டிஸ்க் என்பவற்றை எழுதி வாடிக்கையாளர் கையொப்பம் பெறுக. கேசட்டின் பதிவுத் தடுப்புத் தாவல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் அனுமதி கேட்டு உடைத்துவிடுக, தவறுதலாக அழிந்துவிடாது. டிஸ்க்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாமல், அதற்குரிய மார்க்கரால் எழுதுக. டிஸ்க்கோடு, பென்டிரைவிலும் எம்.பி.4 ஒன்றைக் கொடுக்குக. பழைய ஃபேட்-32 அமைப்பில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது என்பதால் அதைப் பகுதிகளாகப் பிரிக்குக. நம் கம்ப்யூட்டரில் உள்ள நகலை வாடிக்கையாளர் பார்த்து "சரி" என்று சொல்லும் வரை அழிக்க வேண்டாம். மூல கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்.

இத்தொழிலில் உள்ள உறுப்பினர்கள் தங்களுக்கு ஏற்படும் ஐயங்களைச் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம். பலருக்கும் பயன்படக் கூடியவற்றுக்கு இதே பகுதியில் விளக்கம் தருவோம்.