ஃபேர்: ஒரு சொல், எத்தனை அர்த்தம்?

'ஃபேர்' என்றதும் முதலில் ஞாபகம் வருவது முகத்துக்குப் பூசும் க்ரீம்தானே? அங்கே அதன் பொருள் வெளுத்த நிறம். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியதே இந்த ஒரு சொல்லால்தான்.

ரெக்கார்டு நோட்டில் 'ஃபேர் காப்பி' என்றால் அடித்தல் திருத்தல் இல்லாதது. சிவில் நண்பர்களுக்கு 'ஃபேர் ஃபேஸ்டு கான்கிரீட்' தெரியும்: மேலே பூச்சு வேலை செய்யாமல் அப்படியே விடுவது. 'ஃபேர் வெதர்' என்றால் மழை, புயல் இல்லாத நாள்.

ஆனா மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஃபேர்' என்று போட்டிருந்தால் சந்தோஷப்படாதீங்க. அது 'குட்'டுக்குக் கீழே. சுமார் என்றுதான் அர்த்தம்.

ரேஷன் கடை 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. இங்கே நியாயம். இந்த நியாயத்திலும் இரண்டு வகை உண்டு.

நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டையே எடுத்துக்கோங்க. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சபைக்கு முன்னால் ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த முறை 'ஃபேர்', அதாவது பாரபட்சமற்றது. ஆனால் குடத்துக்குள் பெயர் போகவே வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். அப்போ மற்ற ஊர்க்காரர்களுக்கு அது 'ஃபேர்', அதாவது நியாயமானதா?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது எது வேண்டும் என்று யோசித்து எழுதுங்க.