ஃப்ரிட்ஜுக்கு எத்தனை முறை கேஸ் போட்டீர்கள்?

கேள்வி: மொட்டைமாடிக்குக் கீழே உள்ள படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏ.சி. மாட்டி 4 வருடம் ஆகிறது. சித்திரை பிறந்ததிலிருந்து சரியாகக் குளிர்வதில்லை. ராத்திரி 10 மணிக்குப் போட்டால் முதல் ஒரு மணி நேரம் பரவாயில்லை. நடுச்சாமத்தில் காற்றே மெலிந்துவிடுகிறது. காலையில் அணைத்த பிறகு இண்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை ஓரமெல்லாம் நனைகிறது. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் வந்த மெக்கானிக், "கேஸ் கம்மியா இருக்கும்மா" என்று கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். இந்த வருடமும் அதையேதான் சொல்வார் போலிருக்கிறது. இப்போது ஆளைக் கூப்பிட்டால் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அந்த அறையில் படுப்பது என் 78 வயது மாமியார். அதுவரை நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? எதில் கை வைக்கக் கூடாது?

— வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது, பிறகு காற்று மெலிகிறது, அணைத்த பிறகு சொட்டுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் காயிலின் மேல் பனி படிந்து காற்றுப் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. காலையில் நீங்கள் அணைத்ததும் அது மொத்தமாக உருகி, தட்டு கொள்ளாமல் மெத்தையில் விழுகிறது. டிரெய்ன் பைப் அடைப்பு மட்டும்தான் என்றால், ஏ.சி. ஓடும்போதே சொட்டியிருக்கும்.

ஐஸ் கட்டுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, காயிலின் மேல் போதுமான காற்று ஓடவில்லை. மற்றொன்று, கேஸ் கசிந்து குறைந்திருக்கிறது. முதலாவதை நீங்களே இன்று மாலைக்குள் சரிசெய்து பார்த்துவிடலாம், காசு செலவில்லை. அதைச் செய்யாமல் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே தவறு.

இந்தத் தொழிலில் 26 வருடமாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான்: ஏ.சி.க்குள் நான்கு ஓட்டம் உண்டு. காற்று, தண்ணீர், மின்சாரம், கேஸ். எது தடைப்பட்டாலும் குளிர் குறையும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். காற்றும் தண்ணீரும் உங்கள் கைக்குள் இருப்பவை. மின்சாரத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள். கேஸ் பக்கம் போகவே வேண்டாம்.

காற்று

முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எம்சிபி இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். இண்டோர் யூனிட்டின் முன்மூடியை இரண்டு ஓரத்திலும் பிடித்து மேலே தூக்கினால் வலைபோல இரண்டு ஃபில்டர் தெரியும். அவற்றை வெளியே எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலைக்கண் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். படுக்கையறை ஃபில்டரில் படிவது வெறும் தூசி இல்லை. போர்வைப் பஞ்சு, முகப் பவுடர், கொசுவத்திப் புகை, தலைமுடி எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளிபோல ஒட்டியிருக்கும். விரலால் வழித்தால் சுருள் சுருளாக வரும். அவ்வளவையும் தாண்டிக் காற்று எப்படி உள்ளே போகும்?

குழாய்த் தண்ணீரை ஃபில்டரின் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். முன்பக்கம் விட்டால் அழுக்கு வலைக்குள்ளேயே அழுந்தும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டுப் போதும். வெந்நீர் வேண்டாம், வெயிலும் வேண்டாம், இரண்டிலும் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

ஃபில்டர் காய்கிற நேரத்தில் காயிலைப் பாருங்கள். வெள்ளையாகப் பனி தெரிந்தால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டவே கூடாது. குழாயில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் கேஸ் முழுவதும் போய்விடும். ஃபில்டரை மாட்டி மின்சாரம் கொடுத்து, ரிமோட்டில் ஃபேன் மோடு வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். தானாக உருகும். கீழே ஒரு பழைய வேட்டியையும் பக்கெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மறுபடியும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று வெளியே வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உருளைபோல ஒன்று தெரியும், அதுதான் ப்ளோயர். அதன் இதழ்களில் கறுப்பாகப் பூஞ்சை அப்பியிருந்தால் வீட்டில் கழுவ முடியாது. "ப்ளோயரோட சேர்த்து ஃபுல் சர்வீஸ் வேணும்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். ஏ.சி. போட்டதும் புளித்த வாடை வருவதும் இந்தப் பூஞ்சையால்தான். காலையில் அணைப்பதற்கு முன் 15 நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே ஈரம் உலர்ந்து வாடை குறையும்.

அடுத்தது அவுட்டோர் யூனிட். அறைக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டுகிற இடம் அது. கொட்ட இடமில்லை என்றால் உள்ளே குளிர் எப்படி வரும்? அதன் மேல் காயப்போட்ட கால்மிதி, முன்னால் சாத்திவைத்த பழைய கதவு, பின்னால் புறா கட்டிய கூடு, இவையெல்லாம் நான் தினமும் பார்ப்பவை. பின்பக்கம் ஓரடியாவது இடைவெளி வேண்டும், முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். நிழல் இருந்தால் நல்லது. ஆனால் நிழலுக்காகப் பெட்டிபோல அடைத்துவிட்டால் விட்ட சூட்டையே அது மறுபடி இழுத்துக்கொள்ளும். யூனிட் மாடித் தளத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, பின்பக்கத் தகடுகளில் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடலாம். ஒயர் போகும் பக்கம் விடாதீர்கள். யூனிட் சன்ஷேடில் இருந்தால் நீங்கள் அங்கே இறங்கவே கூடாது. கயிறு கட்டி ஏறும் எங்கள் ஆட்களே தவறி விழுகிற இடம் அது.

தண்ணீர்

புழுக்கமான நாளில் 1.5 டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் விடும். அது ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உங்கள் டிரெய்ன் பைப்பின் நுனி எங்கே முடிகிறது என்று பாருங்கள். தண்ணீர் வீணாகக் கூடாதென்று பக்கெட்டில் விட்டிருப்பீர்கள். செடிக்கு ஊற்ற நல்ல தண்ணீர்தான். ஆனால் பக்கெட் நிறைந்து குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கினால் ஓட்டம் தடைப்பட்டு உள்ளே தேங்கும். நுனி எப்போதும் தண்ணீருக்கு மேலே தொங்க வேண்டும். நடுவில் குழாய் தொய்ந்து, பிறகு மேலே ஏறி இறங்கினாலும் இதே கதைதான்.

நுனியில் வழவழப்பான பாசி இருந்தால் எடுத்துவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் வகை வேக்வம் கிளீனர் வீட்டில் இருந்தால், நுனியில் வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் பாசியும் வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள். அழுக்கு மேலே ஏறி மெத்தையில் கொட்டும்.

மின்சாரம்

இங்கே உங்கள் வேலை பார்ப்பது மட்டும்தான். அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி அதன் முகத்தைப் பாருங்கள். பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, பிளாஸ்டிக் உருகிய தடமோ, கருகிய வாடையோ இருந்தால் அதற்குப் பிறகு ஏ.சி. போடவே கூடாது. அந்தக் கோளாறுக்கு முதலில் எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யை மாட்டவே கூடாது. எம்சிபி விழுந்தால் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். ஆபத்து என்று அது சொல்கிறது. வற்புறுத்தித் தூக்கி நிறுத்தாதீர்கள்.

ஸ்டெபிலைசர் இருந்தால் ராத்திரி 10 மணிக்கு அதில் தெரியும் வோல்டேஜைக் குறித்துவையுங்கள். தெருவே ஏ.சி. போடும் நேரம் அது. வோல்டேஜ் மிகவும் இறங்கினால் கம்ப்ரஸர் கிளம்பாது. கரன்ட் போய் வந்ததும் குளிர் வரவில்லை என்று பதற வேண்டாம். கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஏறத்தாழ 3 நிமிடம் கழித்தே அது கிளம்பும்படி வைத்திருக்கிறார்கள். யூனிட்டில் ஏதாவது எழுத்தும் எண்ணும் மின்னினால் அணைப்பதற்கு முன் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். மெக்கானிக்குக் கொண்டுவர வேண்டிய உதிரிபாகம் எதுவென்று அதை வைத்தே தெரியும். அவுட்டோர் யூனிட்டின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளைத் தூக்கி அடிக்கும்.

ரிமோட்டையும் ஒரு பார்வை பாருங்கள். பனிச்செதில் படம் தெரிந்தால்தான் அது கூல் மோடு. பெரியவர்கள் கை தவறி டிரை மோடுக்கோ ஃபேன் மோடுக்கோ மாற்றிவிட்டு, ஏ.சி. கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடுவார்கள். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் நடப்பதில்லை. அறை 24-க்கு இறங்கும்வரை, 16-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். ஒவ்வொரு டிகிரி ஏற்றிவைத்தாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.க்கள் எல்லாம் 24-இல் தொடங்கும்படிதான் வர வேண்டும் என்பதும் அரசு விதி.

கேஸ்

எல்லாம் சுத்தம் செய்தபின் ஒரு சோதனை. சாதாரண அறை வெப்பமானி ஒன்று போதும். ஏ.சி.யைக் குறைந்த டிகிரியிலும் ஃபேனை முழு வேகத்திலும் வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். காற்று உள்ளே போகும் மேல்பக்கத்தில் ஒருமுறை, வெளியே வரும் வாயில் ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் மெஷின் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகும் அறை குளிரவில்லை என்றால் குற்றம் மொட்டைமாடியின் மேல். 1.5 டன் என்ற அளவே வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துக் கொடுத்தது. திருச்சி வெயில் 40-ஐத் தாண்டும் நாளில் அந்த முழு அளவு கிடைக்காது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரியும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தளத்தில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றுவதும், வெள்ளை கூலிங் பெயின்ட் அடிப்பதும் அங்கே உதவும்.

வித்தியாசம் 5, 6 டிகிரிதான் வருகிறது, சுத்தம் செய்த பிறகும் ஐஸ் கட்டுகிறது என்றால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இதுவரை எத்தனை முறை கேஸ் போட்டீர்கள்? பத்து வருடம், பதினைந்து வருடம் ஒருமுறைகூடப் போடாமல் ஓடுகிற ஃப்ரிட்ஜ் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. ஏ.சி.யும் அதே தத்துவம்தான். கேஸ் என்பது பெட்ரோல்போல எரிந்து தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் ஏதோ ஓர் இடத்தில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. போன இரண்டு வருடமும் கேஸ் ஏற்றிய அன்றே ஃபில்டரையும் கழுவியிருப்பார்கள். குளிர் திரும்பியது எதனால் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அளவுக்கு மேல் கேஸ் ஏறினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் கெடும்.

அதனால் மெக்கானிக் வந்து "கேஸ் கம்மி" என்றால், கோபப்படாமல், மரியாதையாக நான்கு கேள்வி கேளுங்கள். "லீக் எந்த இடத்துல தம்பி?" குழாய் இணையும் ஃப்ளேர் நட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அவரே காட்டுவார். சோப்பு நுரை வைத்தால் அங்கே குமிழி வரும். "நைட்ரஜன் அடிச்சு டெஸ்ட் பண்ணுவீங்களா?" "கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வாக்யூம் போடுவீங்களா?" கடைசியாக, "தராசு கொண்டுவந்திருக்கீங்களா?" உங்கள் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எடைக்குத்தான் ஏற்ற வேண்டும். இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 நம் சமையல் கேஸின் இனம்தான். ஆகவே அந்த நட்டுகளை வீட்டில் யாரும் ஸ்பேனர் போட்டுத் திருகக் கூடாது.

இந்தத் தொழிலில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிற பையனுக்கு ஓட்டையைத் தேட நேரம் இருப்பதில்லை. கேஸ் ஏற்றுவதுதான் சீக்கிரம் முடிகிற வேலை. நீங்கள் விவரமாகக் கேட்டால் அவரும் நின்று விவரமாகச் செய்வார். போனில் கூப்பிடும்போதே, "ஃபில்டர் கழுவிட்டேன், ஐஸ் உருக்கிட்டேன், மேலயும் கீழயும் இத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். தராசோடு வருவார்.

ஏ.சி. சரியாகும்வரை உங்கள் மாமியாரை அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம். கீழ்த்தளமோ, காற்றோட்டமான கூடமோ இருந்தால் அங்கே மாற்றுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீரும் மோரும் கொடுத்துக்கொண்டே இருங்கள். இன்றைக்கு ஃபில்டரைக் கழுவி, ஐஸை உருக்கி, ராத்திரி போட்டுப் பாருங்கள். விடியும்வரை காற்று மெலியாமல், மெத்தையும் நனையாமல் இருந்தால், நாளைக்கே அவர் தன் கட்டிலுக்குத் திரும்பிவிடலாம்.